ஸ்டே வீட்டுக் கல்யாணம்

முத்தாபுதுப்பேட்டையில் சகாயம்மாள் வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஸ்டே வீடு என்று கேளுங்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கூட வண்டியை நிறுத்திக் கை காட்டுவார்.

அது அவள் கணவர் பால்ராஜ் வாடகைக்கு இருந்த வீடு. அவருக்கே விற்பதாக வீட்டுக்காரப் பெரியவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். பத்திரம் பதிவதற்குள் கண்ணை மூடிவிட்டார். பெரியவரின் மகன் கஜபதி, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டு ஜெயித்தும் விட்டான். ஒப்பந்தப்படி வீட்டை எழுதிக் கொடு என்று பால்ராஜ் போட்ட இன்னொரு வழக்கு அதே பூந்தமல்லி கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அது முடிகிற வரை கஜபதி தன் தீர்ப்பை நிறைவேற்றக் கூடாது என்று தடை உத்தரவு, அதுதான் அந்த ஸ்டே, வந்தது. வீடு இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. அன்றைக்குச் சகாயம்மாள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். ஆறு வருஷம் ஓடிவிட்டது. பால்ராஜும் போய்ச் சேர்ந்துவிட்டார். வாய்தா மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

தடை வாங்கிய பின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவள் வழக்கம்போல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கஜபதி தெருவில் நின்று போட்டோ எடுத்தான். வீட்டின் நிலையை மாற்றிவிட்டாள், தடையை நீக்குங்கள் என்று மனுப் போட்டுவிட்டான். நீதிபதி எச்சரித்து அனுப்பினார். அத்தோடு அவள் சுவரில் கை வைப்பதை விட்டாள். ஆணி அடிக்கப் பயந்து, பால்ராஜ் படத்தைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். டிசம்பரில் தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கும், அவள் வாசல் மட்டும் மொட்டையாக இருக்கும். வெளியே போனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஜெயிலில்கூட மனு போட்டால் பரோல் உண்டு. இந்த வீட்டில் அதுவும் இல்லை.

இந்த லட்சணத்தில் மகள் ஸ்டெஃபிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பட்டாபிராம் மாதா கோயிலில் காலை பத்து மணிப் பூசை. சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோரும் அங்கே இருப்பார்கள். வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

“ஸ்டே இருக்கறப்போ அவர் உள்ள வரவே முடியாதும்மா. வந்தா அவருக்குத்தான் சிக்கல். நிம்மதியா கல்யாணத்தப் பாருங்க” என்றார் வக்கீல் ராதிகா.

“பூட்ட ஒடச்சி சாமான ரோட்ல போட்டப்புறம் அவன் சிக்கல்ல கீறானா இல்லியான்னு தெரிஞ்சி நான் இன்னாம்மா பண்றது?” என்றாள் சகாயம்மாள்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். மூன்றாம் நாள் தட்டில் வெற்றிலைப் பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு பட்டாபிராமில் கஜபதி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஜெயித்தவன் குடியிருப்பதும் வாடகை வீடுதான்.

கஜபதி தட்டைத் தொடவில்லை. “இன்னாக்கா இது? கல்யாணத்துக்கு வந்தான், சமாதானமாய்ட்டான்னு கோர்ட்ல சொல்லப் போறியா?”

“கேஸு கேஸாவே இருக்கட்டும் தம்பி. ஸ்டெஃபி உன்ன மாமான்னுதானே கூப்புடும். முன்னாடி வந்து குந்து, போதும்.”

அவன் பத்திரிகையை மட்டும் இரண்டு விரலால் எடுத்துக்கொண்டான். கண்ணெதிரே உட்கார வைத்துவிட்டால் அவன் எப்படி வீட்டுப் பக்கம் போவான்? அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

கல்யாணத்தன்று கஜபதி வெள்ளைச் சட்டையில் வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தான். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அது ஐந்து நிமிஷம்தான். அவன் போனை எடுத்துப் பார்த்தான். வாசலைத் திரும்பிப் பார்த்தான். யாருக்குத் தகவல் சொல்கிறான்? ஆள் அனுப்பியிருப்பானோ? சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது.

சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். கோயிலே எழுந்து நின்றது. எழுந்த கூட்டத்தில் கஜபதியின் தலை மறைந்துவிட்டது. சகாயம்மாள் நுனிக்காலில் எம்பினாள். எட்டிப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். கடைசியில், தூண் ஓரம் அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. மூச்சு விட்டுத் திரும்பினாள். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெஃபியின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

பந்தியில் கஜபதிக்கு அவளே பிரியாணி வைத்தாள். “கூப்ட மரியாதைக்கு வந்துட்டே தம்பி” என்றாள்.

“நீ கூப்புடாட்டியும் வந்துருப்பேன்க்கா” என்றான் அவன். “நீங்க எல்லாரும் இங்க கீற நேரத்துல அங்க பூட்டு ஒடஞ்சா பழி யாரு மேல? நாலு பேரு கண்ணுல பட்டுகினே குந்துன்னு என் வக்கீலு சொன்னாரு. எப்ப முடியும்னு மணி பாத்துகினே இருந்தேன்.”

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. வீட்டுப் பக்கமே போகாத ஆளுக்காகக் காவல் இருந்திருக்கிறாள்.

புறப்படும்போது ஸ்டெஃபி அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். “தாலி கட்றப்போ உன்னத்தாம்மா பாத்தேன். நீ எங்க பாத்துகினு இருந்தே?”

 இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது? சகாயம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்துக் காரில் ஏற்றிவிட்டாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். தையல் மெஷின் மேல் பால்ராஜ் சாய்ந்திருந்தார். ஸ்டெஃபி துணி போடும் கொடி மட்டும் காலியாகக் கிடந்தது. மற்றபடி வீடு இருந்த நிலையிலேயே இருந்தது.