வாசலில் கழற்றிய பூட்ஸ்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று அடைபட்ட ரத்தக்குழாய்களைத் திறக்கும் அறுவை மருத்துவர். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்பது என் ஆராய்ச்சி. இதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

நெய்வேலியில் வாரம் ஒரு நாள் கால் புண்களை மட்டும் பார்ப்பேன். அங்கே வந்தவர்களில் ஒருவர் கம்மாபுரத்துக்காரர், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. பெருவிரலுக்கு அடியில் புண். ரத்தக்குழாயைத் திறந்தேன், பாதத்தில் நாடி துடித்தது. புண் மட்டும் மூடவில்லை. முன்பாதத்தை எடுத்துவிடலாம் என்றார் மூத்த மருத்துவர். கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

புண்ணிலிருந்து எடுத்த துணுக்கை ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். புதிதாக வளர்ந்த சதைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. எதுவோ அதை நசுக்கிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த முறை வந்தவரிடம் கேட்டேன். "வேலைக்கு எதப் போட்டுகினு போறீங்க?"

"பூட்ஸுதாங்க. அது இல்லாம கேட்டுல வுடமாட்டாங்க."

"எங்க அது?"

"வெளிய கழட்டி வச்சிருக்கேன். டாக்டர் ரூமுக்குள்ள போட்டுகினு வர்றதாங்க?"

எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். கால் பார்க்கிற அந்த அறைக்குள் ஒரு செருப்புகூட வந்ததில்லை. எடுத்துவரச் சொன்னேன். சுரங்கத்து மண்ணும் கூடவே வந்தது.

"இப்பதான் தொடச்சன்," என்றார் அறையைத் துடைக்கும் அக்கா. "டாக்டரம்மா பெருக்குவாங்களா?"

"பெருக்குறேன்க்கா."

பூட்ஸுக்குள் கையை விட்டேன். அளவு பெரிது என்று உள்ளே அட்டையை மடித்துத் திணித்திருந்தார். வியர்வையில் ஊறிக் காய்ந்து, பெருவிரல் பதியும் இடத்தில் அது கட்டைபோல் மேடாகியிருந்தது. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்கு அது உறுத்தவில்லை.

"இதோட நடந்தா கால் போயிடும்."

"நடக்கலன்னா வேல பூடுங்க. நான் என்னா பர்மனெண்டா?"

காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன். "லீவு கேக்கல. புண் மூடற வரைக்கும் ஒக்காந்து செய்யிற வேலை குடுங்க."

"ஒவ்வொரு ஆளுக்கும் இப்படி வருவீங்களாம்மா?"

"வருவேன்."

கருவிகள் எடுத்துக் கொடுக்கும் அறையில் அவருக்கு நாற்காலி கிடைத்தது. மந்தாரக்குப்பத்தில் செருப்பு தைப்பவரிடம் உட்கார்ந்து, அளவான பூட்ஸுக்குள் புண் படும் இடத்தில் பள்ளம் விட்டு மெத்தை வெட்டி வைத்தேன். இப்போது என் ஆராய்ச்சியில் முதலில் பார்ப்பது நோயாளியின் பூட்ஸைத்தான்.

கடைசியாக அவர் வந்தபோது புண் இருந்த இடத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. அதைப் பார்ப்பதற்கு முன், பழக்கத்தில் வாசலிலேயே குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனார். அக்கா துடைப்பத்தால் உள்ளே காட்டினார்.

"போட்டுகினே போங்க. காலு இருந்தா மண்ணும் வரத்தான் வரும்."