அரை மருந்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது, இப்போது மறதி வேறு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலை வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் கூடப்பிறந்தவர்கள் எல்லோருடைய ரத்தத்தையும் சோதித்ததில் என்னுடையதுதான் பொருந்தியது. அதிலிருந்து, புது ரத்தம் உண்டாக்கும் மூல அணுக்களைப் பிரித்து அவருக்கு ஏற்றலாம், வயதானவர் என்பதால் அதற்கு முன் கொடுக்கும் புற்றுநோய் மருந்தைக் குறைத்துக்கொள்வோம் என்றார் டாக்டரம்மா.

அண்ணன் முகம் மாறிவிட்டது. வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"அரை மருந்து அடிச்சா லாலாங் சாவுமா? மழ பேஞ்சா திரும்ப மொளைக்கும். மருந்து அடிச்சவ நீ, ஒனக்குத் தெரியாதா?"

நியாலாஸ் பக்கத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தவள் நான். லாலாங் புல் அப்படித்தான் முளைக்கும். நம்மைப் போன்ற ஏழைகளுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்களோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. வெளி ஆட்களிடம் பேசவே கூசுகிறவள், அன்று திரும்பி உள்ளே போய்க் கேட்டேன்.

முழு மருந்தை இந்த உடம்பு தாங்காது, என் அணுக்களை அவர் உடம்பு தள்ளிவிடாதபடி செய்யத்தான் மருந்து, பிறகு நோயோடு மல்லுக்கட்டுவது அந்த அணுக்கள்தான் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பலிக்காமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அண்ணனிடம் வந்து சொன்னேன்: "ரப்பர் கன்னுக்கு நடுவுல கொடி போடுவோம்ல, அது படர்ந்து புல்ல அமுக்கும். மருந்து, கொடி வேரு பிடிக்கத்தாண்ணே. கொடி நான்."

"வாயே தொறக்க மாட்ட. நீயா அமுக்கப் போற?"

"தொறக்காமத்தான் அமுக்குவேன். உள்ள வாங்க."

வந்தார்.

அந்த அணுக்கள் ரத்தத்தில் பெருகி வர எனக்குச் சில நாள் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் குடைந்தது. அண்ணன் மனம் மாறிவிடுவாரோ என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கை வழியாகத் திரும்பியது. அண்ணனுக்கு அந்தக் குறைந்த மருந்தைக் கொடுத்து முடித்து, பிரித்தெடுத்ததை ஏற்றினார்கள்.

சில வாரம் கழித்து அவர் தோலெல்லாம் சிவந்து அரித்தது. என் அணுக்கள் அவர் உடம்போடு சண்டை போடுகின்றன, கொஞ்சம் இருக்கலாம், மிஞ்சக் கூடாது என்று மருந்து தந்தார்கள்.

"உள்ள போயும் சண்ட போடுறா லா" என்று அண்ணியிடம் சொல்லிச் சொறிந்துகொண்டார்.

பிறகு எடுத்த சோதனையில் அவருக்குள் ஓடுவது முழுக்க என் ரத்தம்தான் என்றார்கள். தங்கா பத்து ஊரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார்.

டாக்டரம்மா சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யக்கூடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒருமுறை சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.