அம்மா வாய் திறக்காத வரி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், வெங்காய மண்டியில் அம்மாவோடு உட்கார்ந்து வேலை செய்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் ஸ்தோத்திரம். அம்மா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அம்மாவைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதுவது எளிது. அம்மாவுக்கு அது பிடிக்காது. உள்ளதை எழுதுகிறேன்.

அம்மா கன்னிவாடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். பத்து வயதில் தகப்பனாரை இழந்து, களை எடுக்கப் போனார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே, பிற்பாடு என்னைச் சேர்க்க வந்தபோதுதான். திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகே சபைக்கும் வந்தார்கள். மூட்டை தூக்கிய அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்ட நாளிலிருந்து அம்மாவின் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிந்தது. மண்டியில் சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்துத் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்கக் கண்ணில் நீர் ஓடும். உதடு ஏதாவது ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

"ஏத்தா, நீ ஜெபத்துக்கு அழுகுறியா, வெங்காயத்துக்கு அழுகுறியா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ரெண்டுக்கும் சேத்துத்தான். தனித்தனியா அழுக எனக்கு எங்க நேரம்?" என்பார்கள் அம்மா.

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. தேவைகளைச் சீட்டில் எழுதிப் போட்டால், போதகர் வாரத்தின் நடுவில் அவற்றை வாசித்து ஜெபிப்பார். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது ஏழாம் வகுப்பிலிருந்தே என் வேலை. மழை, அப்பாவின் இடுப்பு, என் பரீட்சை என்று பட்டியல் போகும். கடைசியில் தவறாமல் "உம்ம சித்தம் ஆண்டவரே" என்று முடிக்கச் சொல்வார்கள்.

நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்தபோது அக்காவுக்கு நல்ல இடம் ஒன்று அமைந்தது. பூ வைக்கிற நாளும் குறித்தார்கள். அதற்குள் அப்பாவுடன் பிறந்த அத்தை, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சுவாக்கில், "பிள்ளைக்கு வலிப்பு உண்டு" என்று சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் ஒரே ஒரு முறை வந்தது அது. அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை.

அந்த வாரச் சீட்டுக்கு அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். "அவ நாக்கு இழுத்துக்கிரணும். அவ மக கல்யாணமும் இதே மாதிரி வாசலோட நிக்கணும். எழுதுறா."

நான் எழுதவில்லை. "அத்தைக்கு நல்ல புத்தி தாரும்" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். பல வாரம் இப்படித்தான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, சீட்டை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்குப் பொய் வரவில்லை.

"நான் சொன்னதாடா இது?"

"சபையில போடுறதும்மா. அப்படியெல்லாம் எழுதக் கூடாது."

"அப்ப அவருகிட்ட நான் பேசல, நீ பேசிருக்க. எம்பேரைப் போட்டு." அம்மாவுக்குக் குரல் ஏறவில்லை. "தப்பாக் கேட்டா நான்தான் திருத்தணும். நீ என்ன, எனக்கும் அவருக்கும் நடுவுல வக்கீலா?"

மானம் போனவனாக, என் படிப்பைக் காட்டப் பார்த்தேன். "தெனமும் 'உம்ம சித்தம்'னு முடிக்கிறீங்களே, அதோட இது பொருந்தவே பொருந்தாதும்மா" என்றேன்.

"ஏன் பொருந்தாது? உம்ம சித்த நேரத்தை எனக்குக் குடுங்கன்னுதான கேக்குறேன். அம்புட்டு பேருக்கும் நடுவுல எனக்குச் சித்த நேரம்."

எங்கள் பக்கம் கொஞ்ச நேரத்தைச் செத்த நேரம் என்றும் சித்த நேரம் என்றும் சொல்வோம். காதால் கேட்டே ஜெபங்களைப் படித்த அம்மா, இருபது வருடமாக அந்தச் சொல்லை அப்படித்தான் விளங்கி வைத்திருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். சித்தம் என்றால் ஆண்டவர் மனதில் நினைத்திருப்பது, அதுவே நடக்கட்டும் என்று நாம் ஒப்புக்கொடுப்பது என்று விளக்கினேன்.

அம்மா, "அப்ப இம்புட்டு நாளா, உங்க இஷ்டம்போலச் செய்யுங்கன்னா சொல்லிக்கிட்டிருந்தேன்? உங்கத்தை விஷயத்துலயுமா?" என்று கேட்டார்கள்.

"ஆமாம்மா."

"அது என் மனசுல இல்லையேடா."

அடுத்த ஞாயிறு, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சபை முழுவதும் சேர்ந்து சொன்னபோது, "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற வரியில் அம்மா வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த வரியில் திறந்தார்கள். மறுவாரமும் அப்படியே. கேட்டதற்கு, "மனசுல இல்லாததைச் சொன்னா அவரு முகத்துக்கு நேரா பொய் சொன்ன மாதிரி. மனசு வரட்டும், சொல்லுறேன்" என்றார்கள். மனசு தானாக வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தோட்டத்தில் பிடிவாதக் கோரையைக் களைகிற மாதிரி, வாரம் ஒரு சொல்லாகப் பிடுங்கிப் போட்டார்கள். முதலில் நாக்கு போனது. அத்தை மகளின் கல்யாணத்தை விடுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. "அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு பாவம்" என்று அவர்களாகவே ஒரு நாள் சொன்னார்கள். பிறகு, "பேரை மட்டும் எழுது. என்ன செய்யணும்னு நான் சொல்லல" என்றார்கள். அப்படியே எழுதினேன், ஒரு எழுத்து கூட்டாமல்.

ஏறக்குறைய ஆறு மாதம் அந்த வரி அம்மாவின் வாயில் வரவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, நான் வாயளவில் சொன்ன வரி எடையில்லாததாகத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை இரண்டு கிலோ வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "அத்தை வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார்கள். சண்டை வருமோ என்ற பயத்தில் நானும் பஸ் ஏறினேன். அத்தை வாசலிலேயே நின்றார்கள். வா என்றும் சொல்லவில்லை.

"மதினி, நீங்க சொன்னது தப்பு. எம்புள்ளைக்கு ஒரு நோவும் கெடையாது" என்றார்கள் அம்மா. "அதைச் சொல்லிட்டு, உங்க மேல போட்ட கேஸையும் வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்."

அத்தை பதறிப்போனார்கள். "கேஸா? எந்தக் கோர்ட்டுல?"

"மேல."

அத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் வெங்காயப் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காப்பி போடப் போனார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை. மறுநாள் ஆராதனையில் அந்த வரியைச் சொல்லும்போது அம்மாவின் குரல் சபையைவிட அரை அடி முந்திப் போனது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆகவில்லை. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்த சிலர், "சித்தமானால் என்று சொல்லவே கூடாது, அது அவிசுவாசம். சுகம் கிடைத்துவிட்டது என்று அறிக்கையிடுங்கள்" என்றார்கள். அன்பினால்தான் சொன்னார்கள், நான் அவர்களைக் குறை கூறவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது உறுத்தியது. போதகர் வந்தபோது நேராகவே கேட்டார்கள்.

"ஐயா, மக கல்யாணம் பாக்குற வரைக்கும் இருக்கணும்னு கேக்கலாமா, கூடாதா?"

"கேளுங்கம்மா. நம்ம ஆண்டவரும் சிலுவைக்கு முந்தின ராத்திரி, இது என்னை விட்டுப் போகட்டும்னு வியர்வை சிந்திக் கேட்டவருதான? ஆசையை மறைக்கல. கேட்டுட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாரு."

அன்றிலிருந்து அம்மா இரண்டையும் சொன்னார்கள். சுகம் வேண்டும் என்று ஒளிவு மறைவில்லாமல் கேட்டார்கள். கேட்டு முடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு, உம்ம சித்தம் என்றார்கள். இந்த முறை பொருள் தெரிந்து சொன்னார்கள். வலி மிகுந்த நாளில் சொல்ல முடியாமல் போனால், "இன்னைக்கு வரல அப்பு, நாளைக்குச் சொல்லுறேன்" என்று என்னிடம் சொல்லித் தள்ளி வைத்துவிடுவார்கள். மறுநாள் சொல்வார்கள். கடைசிக் காலையில் சொல்லி முடித்துத்தான் கண்ணை மூடினார்கள். அக்கா கல்யாணத்தை அவர்கள் பார்க்கவில்லை.

விண்ணப்பம் என்றால் ஆண்டவரை நம் பக்கம் இழுக்கிற கயிறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதே கயிறு அம்மாவைத்தான் இழுத்துக்கொண்டு போனதை வாராவாரம் என் கையால் எழுதிப் பார்த்தேன். இனி நான் எழுதுகிற எந்தச் சீட்டிலும், எனக்கு மனமில்லாததை அழகான தமிழில் மூடி எழுதப்போவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

அம்மாவுக்காக இரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துத் தம்பிமாருக்கும், மண்டியில் அம்மாவின் பங்கு வேலையையும் முறை வைத்துச் செய்த பெண்களுக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்த செவிலியருக்கும் நன்றி. கடைசிப் பன்னிரண்டு நாளும் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டியவர்கள் அத்தை. அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அத்தையைப் பற்றிய இடங்களை எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் இருக்கட்டும். நான் இன்னும் மன்னிக்கலைன்னு ஒரு வரி சேத்துக்க. படிக்கிறவுக தப்பா நெனச்சுக்கிரக் கூடாது" என்றார். சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்து மறுபடி குரல் கொடுத்தார்: "அத்தைக்கும் ஒரு புத்தகம் எடுத்து வையி. நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்."