நிரம்பிய மண்டபமும் நீல ஏரியும்

"தென்னிந்தியாவின் முன்னணி ஊடக நிறுவனமொன்றின் தலைமை ஆசிரியரும் பன்னாட்டு அரசியல் நோக்கருமான மதிப்பிற்குரிய திரு. நெடுஞ்செழியன் அவர்களுக்கு" என்று தொடங்கியது அழைப்புக் கடிதம். அனுப்பியது ஒரு நாட்டின் தகவல் அமைச்சகம். நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

முன்னணி ஊடக நிறுவனம் என்பது ஆரணி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஃபேன்சி ஸ்டோரின் மாடியில் இருக்கும் ஒற்றை அறை. தலைமை ஆசிரியர் என்பது அந்த அறையில் உள்ள ஒரே ஆள். முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று வீடியோ எடுப்பது தொழில். ஒழிந்த நேரத்தில் 'நாகநதி நியூஸ்' என்று ஒரு யூடியூப் சேனல். கவுன்சிலர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, மின்தடை அறிவிப்பு. அவர் நோக்கிய அதிகபட்சப் பன்னாட்டு அரசியல், சித்தூரில் எடுத்த ஒரு கல்யாணத்தில் இரு வீட்டாரும் பந்தியில் போட்ட சண்டை.

ஆனால் ஒரு மழைக்காலத்தில் கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்தபோது அதை ட்ரோனில் படம்பிடித்துப் போட்டார். பல லட்சம் பேர் பார்த்தார்கள். அமைச்சகம் லட்சத்தைப் பார்த்தது, அறையைப் பார்க்கவில்லை.

அவர் மனைவி எழிலரசி அரிசி ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஏங்க, ஓசில பிளேனு, ஓசில ஓட்டலு. பதிலுக்கு இன்னா கேக்கப்போறான்? கிட்னியா?"

"எலக்‌ஷன் வருதாம். வந்து பாக்கச் சொல்றான்."

"நம்ம வார்டு எலக்‌ஷனுக்கே நீங்க ஓட்டுப் போடல. கல்யாண ஆர்டருன்னு ஓடிட்டீங்க."

நெடுஞ்செழியன் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. சர்க்கரை போட்டாச்சு என்று டீக்கடைக்காரர் சொன்னால் கலக்கிப் பார்ப்பவர். மாத்திரை அட்டையை வெயிலில் பிடித்துக் காலாவதித் தேதி படிப்பவர். இப்படிப்பட்டவர் அழைப்பைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் எப்படி ஏமாற்றப்போகிறார்கள் என்று பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. சந்தேகம்தான் அவரை விமானம் ஏற்றியது.

இறங்கியதும் ட்ரோனைப் பிடுங்கிக்கொண்டார்கள். கேமராவைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் பெயர் அருள்மணி. அரசாங்க ஓட்டலில் சமையல்காரர். மனைவி, மகளோடு அங்கேயே குடியிருக்கிறார். சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் சேத்துப்பட்டு.

உலகம் முழுக்க ஊர் இருக்க, ஆரணிக்காரனுக்குச் சேத்துப்பட்டுக்காரனா? நெடுஞ்செழியன் காரில் ஏறியதுமே விசாரணையை ஆரம்பித்தார்.

"சேத்துப்பட்டுல எங்க?"

"லூர்து மாதா கோயிலு பின்னாடிணா."

"ஆரணி பஸ்ஸு எங்க நிக்கும்?"

"எங்க நிக்கணுமோ அங்க நிக்காது. ஓடிப்போய்த்தான் ஏறணும்."

பதில் சரி. இவ்வளவு சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே என்று அவருக்குச் சந்தேகம் கூடியது.

முதலில் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று பக்கமும் பனிமலை. நடுவில் தண்ணீர் மயில் கழுத்து நீலத்தில் கிடந்தது. மற்ற விருந்தினர்கள் செல்பி எடுத்தார்கள். ஆரணிக்காரருக்கு நீலத் தண்ணீர் என்றால் மேலே எங்கோ சாயப்பட்டறை ஓடுகிறது என்று அர்த்தம். நெடுஞ்செழியன் குனிந்து தன் வெள்ளைக் கைக்குட்டையை ஏரியில் முக்கினார். பிழிந்தார். விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

"இன்னாணா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி நெஜம்தான்."

அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

மாலையில் அந்நாட்டுத் தலைவரின் தேர்தல் பொதுக்கூட்டம். பெரிய மண்டபத்தில் கால்வாசிக் கூட்டம். மேடைக்குக் கீழே அரசுத் தொலைக்காட்சியின் கேமராக்காரர் முழங்கால் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் நெடுஞ்செழியனுக்குத் தன் ஊருக்கே திரும்பிவிட்டதுபோல் இருந்தது.

ஒரே முகூர்த்தத்தில் நாலு கல்யாணம் விழுந்தால் ஆரணியில் எந்த மண்டபமும் நிரம்பாது. ஆனால் பெண் வீட்டார், "கூட்டம் ஜேஜேன்னு தெரியணும்ங்க" என்பார்கள். அதற்கு வழி உண்டு. சாப்பிட்டுக் கை கழுவியவர்களைத் திரும்ப அழைத்து முன்வரிசையில் நெருக்கி உட்காரவைக்க வேண்டும். கேமராவை முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டும். சுவரையும் மின்விசிறியையும் காட்டவே கூடாது. நெடுஞ்செழியன் இப்படி எத்தனையோ மண்டபங்களை நிரப்பியிருக்கிறார். ஊர்மானம் காத்ததாக நன்றியும் வாங்கியிருக்கிறார்.

ஓட்டலுக்கு வந்து டிவியைப் போட்டார்கள். திரையில் தலைகள் கடல்போல் விரிந்தன.

"வேலை சுத்தம்" என்றார் நெடுஞ்செழியன்.

கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது மரியாதை. கோபம் மறுநாள் காலையில் வந்தது. மேசையில் இருந்த செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் அதே படம், அதே தலைகள்.

அன்று மலைக்குப் போகும் வழியில் ஓட்டுநர் சிகரெட் பிடிக்க இறங்கினார். அருள்மணி திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அண்ணா, நாளைக்கு உங்கள டிவில பேசச் சொல்வாங்க. கூட்டத்த பத்தி நல்லபடியா ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"ஏன்?"

"இங்க தங்கறதுக்கான என் பர்மிட்டு இந்த மாசத்தோட முடியுது. நீங்க எப்டி பேசறீங்கன்னு பாத்துட்டுதான் புதுப்பிப்பாங்களாம். பொண்ணு பத்தாவது பரீட்சைக்குப் படிச்சிகினு கீறா. நடுவுல மூட்டை கட்ட முடியாதுணா."

நெடுஞ்செழியன் அவர் முகத்தையே பார்த்தார்.

"இதையும் அவங்கதான் சொல்லச் சொன்னாங்களா?"

அருள்மணிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா மனுசன்ணா நீங்க? பொண்டாட்டி சோறு போட்டாகூட மோந்து பாத்துட்டுதான் துன்னுவீங்களா?"

"ஆமா."

ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்தார்.

உச்சியில் பனிமூட்டம் மெதுவாக விலகியது. கீழே பள்ளத்தாக்கு ஒரு புடவையைப் பிரித்துப் போட்டதுபோல் திறந்தது என்று சொல்லலாம். ஆரணிக்காரர்கள் அழகான எதைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். நெடுஞ்செழியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அது. நல்லபடியாக வந்துவிட்டது என்பதே அவருக்குப் பேஜாராக இருந்தது.

இரவு உணவுக்கு முன் எழிலரசியை அழைத்தார்.

"ஒரு விஷயம். ஆனா போன்ல சொல்ல முடியாது."

"ஏன், பக்கத்துல யாரு?"

"நாடே பக்கத்துல கீது."

"அப்ப எதுக்குப் போன் பண்ணீங்க?" என்று எழிலரசி வைத்துவிட்டார்.

தனியாகத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அருள்மணி சொல்வது பொய்யாக இருந்து நம்பினால் தான் முட்டாள். மெய்யாக இருந்து நம்பாமல் போனால் ஒரு பெண்ணின் படிப்பு போகும். முட்டாளாவதில் அவருக்கு முன்னனுபவம் உண்டு, தாங்கிக்கொண்டுவிடலாம்.

மறுநாள் விளக்குகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கேட்டார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது என்றார். நாற்காலி பற்றாமல் வாசல்வரை மக்கள் நின்றார்கள் என்றார். கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பது கல்யாண வீடியோக்காரரின் பழக்கம். அருள்மணி தலைநிமிராமல் மொழிபெயர்த்தார்.

ஊர் திரும்பிய பத்தாம் நாளோ என்னவோ, "வந்துடுச்சுணா" என்று அருள்மணியிடமிருந்து செய்தி வந்தது. கூடவே புதிய அனுமதி அட்டையின் படம். நெடுஞ்செழியன் அதைப் பெரிதாக்கி முத்திரையை நெடுநேரம் பார்த்தார். அசலா போலியா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நடந்ததெல்லாம் ஏற்கெனவே கேட்டிருந்த எழிலரசி, மலைப் படத்தைக் கணினியில் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யப்பா! இது நெஜமாவா?"

"நெஜம்தான்."

"ஜல்தியா போடுங்க. வெள்ளத்தவிட இது ஓடும்."

"பாக்கறவன் இன்னா சொல்லுவான்? இன்னா அழகான நாடுன்னு சொல்லுவான். அதுக்குத்தான என்னைக் கூப்ட்டாங்க?"

"அப்ப கூட்டத்தோட லட்சணத்தையும் சேத்துப் போடுங்க."

"அருள்மணி கதி?"

"அந்தாளு சொன்னது நெஜமான்னே உங்களுக்குத் தெரியாது. சேத்துப்பட்டு இன்னா சீமையிலயா கீது? பஸ் ஏறிப் போய் அவங்க வூட்ல கேட்டுட்டு வாங்க."

"போறேன்" என்றார். போகவில்லை. டீயைக் கலக்கிப் பார்க்கிற மனிதர் இதை மட்டும் ஏன் கலக்கவில்லை என்று எழிலரசி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அருள்மணியை அவர் நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது.

நெடுஞ்செழியன் ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் முக்கால்வாசி காலியாக இருந்த மண்டபத்தை நிரம்பியதாகச் சொன்னார். ஏரியையும் மலையையும் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட அவர் வெளியிடவில்லை.