வழியில் நிற்காத என் மச்சாண்டார்

போன வாரம் காலையில் செந்தில் போன் செய்தான். "சித்தி, அப்பா போயிட்டாருங்க" என்றான். நான் பதில் சொல்லும் முன் என் மனதில் வந்தது துக்கமில்லை. அப்பாடா, இனி அது யாருக்கும் தெரியாது என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செந்திலின் அப்பா நாச்சிமுத்து என் கணவருக்கு அண்ணன், எனக்கு மச்சாண்டார். முதலமடையில் மாந்தோப்பும் மாங்காய் வியாபாரமும் பார்த்தவர் என்று இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தம்பி மனைவி மச்சாண்டார் முன்னால் வந்து நிற்க மாட்டாள், அவரோடு நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். அவருக்கும் அப்படித்தான். சாப்பாடு வேண்டுமென்றால்கூட, "அம்மிணிகிட்டச் சொல்லு" என்று பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது சொல்வார். ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்தும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட வார்த்தை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

எழுபதுகளில் எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அதிலும் கார் ஓட்டுவதை ஒரு விரதம் மாதிரிச் செய்தவர் இவர் ஒருவர்தான். கோழி கூப்பிடக் கிளம்பினால் மெட்ராஸ் போய்த்தான் இறங்குவார். பெங்களூருக்கும் அப்படித்தான். பொடி தடவிய இட்லியைப் பக்கத்தில் இருப்பவர் பிட்டுப் பிட்டுக் கொடுக்க வேண்டும். அவர் கை ஸ்டியரிங்கை விட்டு வராது. "வழியில காப்பி குடிக்கறவன் வண்டி ஓட்ட வந்தவனில்லீங்க, காப்பி குடிக்க வந்தவன்" என்பார். மாங்காய் ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள்கூட அவரைக் கண்டால் பீடியை அணைத்துவிட்டு வணக்கம் சொல்வார்கள். ஊருக்குள் அவருக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

நான் நல்லேப்பிள்ளியிலிருந்து கல்யாணமாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. போடிமெட்டுக்கு மேலே, இடுக்கி மலையில் என் மாமியாரின் தங்கை வீட்டுக்கு ஏலத்தோட்டம் இருந்தது. புதுமணத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன் சீட்டில் மச்சாண்டாரும் என் வீட்டுக்காரரும், பின் சீட்டில் என் மாமியாரான அத்தையும் நானும். கிளம்பும்போது அத்தை ஒரு பெரிய சொம்பு நிறைய மோர் கொடுத்து, "குடிச்சுக்க கண்ணு, வழியில ஒண்ணும் கெடைக்காது" என்றார். புது மருமகள் வேண்டாம் என்று சொல்லலாமா? கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பொள்ளாச்சி போயிற்று, உடுமலை போயிற்று. பழனிக்கு முன்னாலேயே எனக்கு அடிவயிறு கனக்க ஆரம்பித்தது. நல்லவேளையாக ஒரு ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டி நின்றது. ஆண்கள் இருவரும் இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டு, கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அதெல்லாம் நிற்றல் கணக்கில் வராது போலிருக்கிறது. இரண்டு பக்கமும் மாட்டு வண்டியும் ஆட்களுமாக நின்றதில் நான் கதவைத் தொடவே இல்லை. கேட் திறந்தது, வண்டி கிளம்பியது.

வத்தலக்குண்டு தாண்டியதும் அத்தையின் காதில் மெதுவாகச் சொன்னேன். அத்தை முன் சீட்டைப் பார்த்துவிட்டு, என்னைவிடக் குரலைத் தாழ்த்தி, "பல்லைக் கடிச்சுக்க கண்ணு. உங்க மச்சாண்டாரு நடுவழியில நிறுத்தமாட்டான். நானெல்லாம் கார்ல போறதுன்னா மொத நாளே தண்ணி குடிக்கறத நிறுத்திப் போடுவேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. அந்த உபாயத்தை மோர் கொடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது. அவரிடம் சொன்னால் அடுத்த நொடி மச்சாண்டார் காதிலும் விழும். அவர் காதில் அந்தச் சங்கதி விழுவதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

போடியிலிருந்து மலை ஏறும் வளைவுகளில் கார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. நானும் எவ்வளவு நேரம்தான் தாங்குவேன். மேலே குளிர் காற்று முகத்தில் அடித்தபோது என் கட்டுப்பாடு போய்விட்டது. கல்யாணப் பட்டுச் சேலை, புதுச் சீட்டு உறை எல்லாம் நனைந்தன. அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் பையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கார் அப்படியே மலையிலிருந்து உருண்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன்.

கார் உருளவில்லை. மச்சாண்டார் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வாசலில் சொந்தக்காரர்கள், தோட்டத்து ஆட்கள், குழந்தைகள் என்று ஒரு கூட்டமே நின்றது. மாமியாரின் தங்கை ஆரத்தித் தட்டோடு கார்க் கதவுக்கே வந்துவிட்டார். அத்தை அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டார். "எறங்கு கண்ணு" என்றார்கள். நான் அசையவில்லை. "பொண்ணுக்கு வெக்கம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியை எடுக்கப் பின்னால் போன மச்சாண்டார், நான் இறங்காததைக் கண்டு கதவருகே வந்து குனிந்தார். சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீர்க் கேன் அவர் கையில், மூடி இல்லாமல், இருந்தது. "பையைக் குடுக்கச் சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே உள்ளே குனிந்தார். கேன் முழுவதும் என் மடியில் கவிழ்ந்தது. சீட்டும் சேலையும் காரின் தரையும் ஒன்றாக நனைந்தன. ஆரத்தித் தட்டிலும் தெறித்துக் கற்பூரம் அணைந்தது.

"ஏன்டா, கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று அத்தை கத்தினார். அவர் தங்கையோ, மங்கல காரியத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, "அறிவிருக்குதா?" என்று கேட்டுவிட்டார். அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். மச்சாண்டார் காலி கேனோடு நின்று, "கை தவறிப்போச்சுங்க" என்றார். என்னை யாரோ போர்வை சுற்றி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வெந்நீர் வைத்துக் கொடுத்து, "பாவம், புள்ளைய இப்படிப் பண்ணீட்டானே" என்று எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

அந்த நாளோடு அவர் பெயர் மாறிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "ஆரத்திக்குத் தண்ணி ஊத்துன டிரைவர் வந்துட்டாருங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பங்காளி ஒருவர், சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதுபோல் நடித்துக் காட்டினார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். நிமிர்ந்தபோது அவரும் எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரே மூச்சாக எங்கும் ஓட்டவில்லை. பெண்கள் வண்டியில் இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாமல் புதரும் மறைவுமாக இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவார். "வண்டி சூடாயிருச்சு. ஆறோணும். எந்நேரமாகும்னு சொல்ல முடியாது" என்பார். பிறகு ஆண்களை எல்லாம், "இக்கட்டால வாங்கடா, இந்தப் பக்கம்" என்று ரோட்டில் வெகுதூரம் முன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்காமல் திரும்ப மாட்டார். "மெட்ராஸுக்கு நிக்காம போன ஆளு, இப்பப் பழனிக்கு மூணு எடத்துல நிக்கறாரு, பயந்துட்டாருங்க" என்று ஊர் பேசியது. பயந்தாங்கொள்ளி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, கார் ஓட்டும் வயது தாண்டும்வரை அப்படித்தான் ஓட்டினார்.

அத்தை போனார், என் வீட்டுக்காரரும் போனார். அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரிந்தது எங்கள் இருவருக்குத்தான். பேசவே கூடாத இருவரிடம் அந்தச் சங்கதி போய்ச் சேர்ந்திருந்தது. அதனால்தான் செந்திலின் போனைக் கேட்டதும் எனக்கு அந்தக் கேடுகெட்ட நிம்மதி வந்தது.

எழவு வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் முதல் தடவையாக அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். அப்போதும் இளவட்டம் ஒன்று அந்தக் கதையை எடுத்தது. ஆசையாகத்தான் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். எனக்கு என்ன வந்ததோ, வாய்விட்டே சொன்னேன்: "அவரு கை தவறலீங்க. நான் சீலையிலயே மூத்திரம் போயிருந்தேன். அதைப் பார்த்துட்டுத்தான் ஊத்துனாரு."

என் ஓரகத்தி, அவர் மனைவி, அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்றகிட்டக்கூடச் சொல்லலையே" என்றார். பிறகு, "நானும்தான சிரிச்சேன் இத்தன வருஷமா" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். மச்சாண்டார் பெயரை மீட்டுக் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் என் வெட்கத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய் ஓரகத்தி மடியில் போட்டுவிட்டேன். மச்சாண்டார் அதை யார் மடியிலும் போடாமல் தானே வைத்துக்கொண்டிருந்தார். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது.

உங்களில் பலர் அவர் காரில் போனவர்கள், அவரைக் கேலி செய்தவர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது பின் சீட்டில் என்னோடு செந்திலின் மருமகள் இருந்தாள், வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் அவள் கால்மாற்றிக் கால்மாற்றி உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. "டேய், வண்டிய நிறுத்து, எனக்கு அடக்க முடியல" என்று சத்தமாகச் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.