காவிரி மணலில் ஒரு கடற்கரைக் கருவி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், உலோகம் தேடும் கருவி வாங்க மலைக்கோட்டைப் பக்கம் இருந்த வெளிநாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். காரணம் என் தங்கை. முந்தைய ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபப் படித்துறையில் தாலிக்கயிறு மாற்றியவள், குண்டுமணிகளை மட்டும் புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு பழைய கயிற்றைப் பூவோடு ஆற்றில் விட்டுவிட்டாள். தாலி பழைய கயிற்றிலேயே இருந்தது. நெரிசலில் அவள் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டி, மாமியார் கண்ணில் படாமல் ரவிக்கைக்குள் மறைத்துத் திரிந்தாள். வளைகுடாவில் வேலை பார்த்த அவள் கணவர் சித்திரையில் வருவதாக இருந்தது. கொஞ்ச நாளாக அவரிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. தாலி கிடைத்தால் கடிதமும் வரும் என்று அவள் நம்பினாள்.

கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். இரண்டும் கடற்கரையில் நகை தேடுவதற்கென்று செய்தவை.

"கடலே இல்லாத ஊர்ல கடற்கரை மிஷின் கேக்குறீங்களே சார், மலைக்கோட்டை உச்சியில நின்னா கடல் தெரியுதா?"

கையோடு கொண்டுபோன ஆற்று மணலை வாளியில் கொட்டி நனைத்து, ஓர் ஆணியையும் என் மனைவியின் மெல்லிய மோதிரத்தையும் தனித்தனியே புதைத்துப் பார்த்தேன். விலை கூடியதில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் ஆணிக்குச் சத்தமில்லை. அதே அளவில் மோதிரத்துக்கும் சத்தமில்லை. மற்றது இரண்டுக்குமே கத்தியது.

"அது வம்பு புடிச்சது சார். சோடா மூடிக்கும் கூப்பிடும். தோண்டித் தோண்டி கை ஓஞ்சிடும்."

"கூப்பிடட்டும் பாய். ஒண்ணையும் விட்டுடக் கூடாது."

ஆறு வற்றிக் கிடந்தது. நானும் தங்கையும் படித்துறையின் கீழிருந்து நீர் போகும் திசையில் நடந்தோம். ஆணி, காசு, மூடி என்று வந்துகொண்டிருந்தது. நடந்து நடந்து, ஈமக்காரியம் செய்யும் கோடிக்கு வந்துவிட்டதை நான் உணரவில்லை. அங்கே ஒரு பள்ளத்தில் கருவி கத்தியது. தோண்டினேன். கறுத்துப்போன கயிற்றுத் துண்டோடு ஒரு தாலி.

"கெடைச்சிடுச்சா அண்ணே?" என்று ஓடி வந்தாள். அவளுடையது வட்டப் பொட்டு. இதில் நாமம் இருந்தது. பக்கத்திலேயே மறுபடி சத்தம். இன்னொரு தாலி, அதுவும் வேறு. கணவன் இறந்த பத்தாம் நாள் கழற்றிய தாலியைச் சிலர் பொன்னென்றும் பாராமல் ஆற்றில் விட்டுவிடுவதுண்டு.

அவளுக்கும் புரிந்துவிட்டது.

"மூடுண்ணே. இருந்த எடத்துலயே வச்சு மூடு."

மூடினேன். எழுந்தபோது கருவி அவள் பக்கம் திரும்பி, அவள் நின்ற இடத்தில் கத்தத் தொடங்கியது. ஓர் அடி தள்ளி நிற்கச் சொன்னேன். நகரவில்லை.

"இதாவது பாத்துடலாம்மா. உன்னோடதா இருந்தா?"

"இந்தப் பள்ளத்துலேர்ந்து எடுத்து நான் கழுத்துல கட்டிக்கணுமா? வேண்டாம்ணே. மாமியார்கிட்ட நானே சொல்லிடறேன். அத முதல்ல அணை."

அணைத்தேன். அவள் ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் துண்டை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் எங்களுக்கு எதிரே வந்தது. இருவரும் நின்றோம். அவர் எங்களைப் பார்க்காமல் கடந்து போனார்.