‘வாறேன்’ என்று சொன்னவர்

சத்தியமாக நடந்தது. அமாவாசையும் இல்லை, புளியமரமும் இல்லை. உச்சிப்பொழுது. டியூப்லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறது, வெளியே பெஞ்சில் ஆட்கள் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவன் வாயில் மண்ணை அள்ளிப் போடுங்கள். வடிவுக்கு நடந்ததை அவள் வாயாலேயே கேட்டவன் நான். சொல்லி முடிப்பதற்குள் பலமுறை எழுந்துபோய் முற்றத்தில் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

முழுப் பெயர் சண்முகவடிவு. தக்கலைப் பக்கம் ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே டாக்டர் மத்தியாஸ் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். வாய்ப்புற்று வந்தவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள் அல்லவா, நம் சனங்கள் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்களே, அது வழக்கமாக ஏழு வாரம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். டாக்டரோ ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கொடுத்து நாலே வாரத்தில் முடித்துப் பார்த்தார். அப்படி முடித்துக்கொண்டு போனவர்களை மாசாமாசம் வரவழைத்து, வாய் திறக்கிறதா, புண் ஆறியதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டுப் பதிவு செய்வது வடிவின் வேலை. ஆள் வராவிட்டால் அவளுக்குத்தான் ஏச்சு விழும்.

நம் ஊரில் ஆஸ்பத்திரியை விட்டு இறங்கும்போது யாராவது ‘வாறேன்’ என்று சொல்வார்களா? சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தச் சொல் ஆகாது. பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். அங்கே, கரண்டு வைக்கும்போது நோயாளிக்கு மாட்டும் முகமூடியைச் செய்யும் அறையில் வேலை பார்த்த நேசபாய், ஒவ்வொரு நோயாளிக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்புவாள். வடிவுக்கு அது சிரிப்பாக இருந்தது.

“பேசாம போனா திரும்பி வரமாட்டாவ. எனக்க வேலைதான் போவும். எங்க மாமா, ‘வாறேன்’னு ஒருக்கா சொல்லுங்க பாப்போம்” என்று ஒவ்வொருவரையும் சொல்லவைத்து அனுப்பினாள்.

நேசபாய் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏட்டி, வெளங்காத வேல பாக்காத. வாறேன்னு சொன்ன ஆளு வந்துதான் நிக்கும்.”

“வரட்டும். அதுக்குத்தானே சொல்லச் சொல்லுகேன்.”

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் தேரூர் தாணுமாலயன். வயலும் வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்த மனுஷன். நாலு வாரத்தில் கட்டி கரைந்தது. டாக்டர் அவரைப் போட்டோ எடுத்து, போகிற டாக்டர்கள் கூட்டத்திலெல்லாம் திரையில் போட்டுக் காட்டினார். மாதம் தவறாமல் வந்தார். வெளுத்த வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. “வாறேன் மக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ஒரு வருஷம் கழிந்து தாடை வீங்கியது. பிறகு தாடைக்குக் கீழே ஓட்டை விழுந்தது. எலும்பு உள்ளேயே செத்துப்போய்ச் சிறு துண்டுகளாக வெளியே வந்தது. தண்ணீர் குடித்தால் பாதி கழுத்து வழியாக ஒழுகும். அந்த வாடை இருக்கிறதே... அழுகிய எலி, சீழ், பழைய வெற்றிலை, மூன்றும் சேர்ந்த வாடை. வடிவு மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போவாள். அவரைப் பெஞ்சின் கோடியில், மற்றவர்களை விட்டுத் தள்ளி உட்காரவைப்பாள். அவருக்கு அது தெரியும். துண்டால் தாடையைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்திருப்பார்.

டாக்டர் தூரத்தில் நின்று பார்த்தார். “பல்லைச் சரியா வச்சுக்காத ஆளு. இதுக்கும் நம்ம ட்ரீட்மெண்டுக்கும் சம்பந்தமில்லை” என்றார்.

அதன்பிறகு தாணுமாலயன் வரவில்லை. போன் எடுக்க ஆளில்லை. வடிவு டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

“வரலைன்னா விடு வடிவு. கடைசியா வந்தப்ப நடந்துதானே வந்தாரு? நல்லா இருக்காருன்னு போட்டுரு.”

த்தூ! ஒரு மனுஷன் குடித்த தண்ணீர் கழுத்து வழியாக ஒழுகுகிறது, அவன் ‘நல்லா இருக்காரு’. படித்த வாய்தானே இதைச் சொன்னது. வடிவும் போட்டுவிட்டாள், அவருக்கு மட்டுமல்ல, அப்படி வராமல்போன எல்லோருக்கும், அதையும் சொல்ல வேண்டும். வேலை வேண்டுமே.

அடுத்த தை மாதம் அவள் அப்பா கணபதியப்பனுக்கே கன்னத்தின் உள்பக்கம் புண் வந்தது. சோதித்தால் அதேதான். “நம்ம வடிவோட அப்பா. நாலே வாரத்தில் முடிச்சு அனுப்பிடறேன்” என்றார் டாக்டர். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். “கும்பப்பூ நெல்லு அறுப்புக்கு முன்ன முடிஞ்சிரும்லா மக்கா? அது போதும்.”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று அப்பா கேட்பார். டாக்டரும் கேட்பார். வடிவுக்கு நாக்கு எழவில்லை. நூறில் தொண்ணூறு பேர் நல்லா இருக்கிறார்கள் என்றுதானே கணக்கு இருக்கிறது? அந்தக் கணக்கை எழுதியதே தன் கை என்பது அவளுக்கு மறந்தா போகும்!

முகமூடி செய்கிற நாள் வந்தது. கரண்டு வைக்கும்போது தலை அசையக் கூடாதல்லவா, அதற்காக வலைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போடுவார்கள். அது அப்பளமாவு மாதிரி இளகும். எடுத்து முகத்தின்மேல் இழுத்து அழுத்தினால் முகத்தின் வடிவில் இறுகிவிடும். அந்த ஆஸ்பத்திரியில் இன்னொரு அசிங்கமும் உண்டு. ஒருவருக்குச் செய்த முகமூடியை மறுபடி வெந்நீரில் போட்டுத் தட்டையாக்கி இன்னொருவருக்கு வைப்பார்கள். அன்றைக்குப் புதுத் தகடு இல்லை. நேசபாய் பழையது ஒன்றை எடுத்தாள்.

“கழுவினதுதான் பிள்ளே” என்றாள், வடிவு முகத்தைச் சுளித்ததும்.

அப்போது வரவேற்பிலிருந்து போன் வந்தது.

“வடிவு, ஒனக்க ஆளு வந்திருக்காரு. செக்கப்புக்கு.”

“யாரு?”

“தேரூர் மாமா. மஞ்சப்பையோட.”

அவள் வெளியே ஓடினாள். பெஞ்சில் எல்லோரும் ஒரு பக்கமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். கோடியில் யாரும் இல்லை. ஆனால் அந்த இடம் ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் இல்லை. நூல் நூலாகக் கொழகொழவென்று... நடுவில் வெற்றிலைச் சிவப்பு.

சீ!

வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த வாடை அவளுக்கு முன்னாலேயே அறைக்குள் வந்திருந்தது.

அப்பா பலகையில் மல்லாந்து படுத்திருந்தார். நேசபாய் வெந்நீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது தட்டையாவ மாட்டேங்குது பிள்ளே.”

உள்ளே முகமூடி மிதந்தது. மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. சுற்றிலும் மஞ்சள் ஏடு படிந்திருந்தது. நேசபாய் கரண்டியால் அதை அமுக்கினாள்.

க்ளக்...

அமுங்கியது. கையை எடுத்ததும் மேலே வந்தது.

க்ளக்... க்ளக்...

ஒருவன் ஓட்டைத் தொண்டையோடு தண்ணீர் குடிப்பது போன்ற சத்தம். அந்தச் சத்தத்தை அவள் பெஞ்சின் கோடியில் மாசாமாசம் கேட்டிருக்கிறாள்.

திடீரென்று தகடு இளகித் தட்டையாயிற்று. நேசபாய் ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே எடுத்தாள். இருவருமாக அப்பாவின் முகத்தின்மேல் இழுத்துப் பூட்டினார்கள்.

இறுகத் தொடங்கியது.

அப்பாவுக்குச் சப்பை மூக்கு. இறுகிய மூக்கு நீளமாக இருந்தது.

அப்பாவுக்கு உப்பின கன்னம். இந்தக் கன்னம் ஒட்டியிருந்தது.

தாடை...

இடதுபக்கம் தாடையே இல்லை. உள்ளே குழிந்துகிடந்தது.

“அப்பா!”



ஓட்டைகள் வழியாக ஏதோ கசிந்தது. மஞ்சளாக. மெதுவாக. அவள் விரலில் பட்டது.

சூடாக இருந்தது.

முகமூடிக்குள் உதடு அசைந்தது.

“வாறேன்னு... சொன்னம்லா... மக்கா...”

அப்பாவின் குரல் இல்லை.

“வந்துட்டேன்லா... ஏன்... நல்லாருக்கேன்னு... போட்ட...”

வடிவு பூட்டைப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. முகமூடி கையோடு வந்தது.

உள்ளே அப்பா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

முகமூடிக்குள் எட்டிப் பார்த்தாள். தாடைப் பக்கத்தில் நெல்மணி அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. வெள்ளையும் கறுப்புமாக.

எலும்பு.

அங்கேயே வாந்தி எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பயப்படவில்லை. டாக்டர் அறைக்குள் போய், “எங்கப்பாவுக்கு ஒங்க நாலு வாரம் வேண்டாம்” என்றாள். டாக்டர் குதித்தார். “பைத்தியமா ஒனக்கு? என் ரிசல்ட்டை நீதானே எழுதின?”

“ஆமா, எனக்க கையாலதான் எழுதினேன். அந்தக் கைய மோந்து பாருங்க சார்” என்று நீட்டினாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அப்பாவை எழுப்பி எல்லாம் சொன்னாள், தான் எழுதிய பொய் உட்பட. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அறுப்பு கெடக்கட்டும் மக்கா, வா போவோம்” என்றார். மரியாதை தெரிந்த மனுஷன். வாசலில் திரும்பி, நேசபாயைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அப்ப வாறேன் என்னா.”

நேசபாய் முகம் வெளிறிப்போனது. வடிவு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். வேலைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

திருவனந்தபுரத்தில் ஏழு வாரம் கரண்டு வைத்தார்கள். புண் ஆறியது. இன்றைக்கு அப்பா மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறார். பப்படத்தைக் கடித்து நொறுக்குகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வடிவு தேரூருக்குப் போனாள். தாணுமாலயன் பெண்சாதி அழகியநாயகி கதவைத் திறந்தாள்.

“அவரு போன ஆடியிலயே போயாச்சே மக்கா.”

ஆடி. வரவேற்பிலிருந்து போன் வந்தது அதற்கு ஆறு மாசம் கழித்து, தை மாதம்.

வடிவு அந்த முகமூடியைப் பற்றிக் கேட்டாள். அவருடையதைத்தான் நேசபாய் எடுத்துவிட்டாள் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

“அதையா? கரண்டு வச்சு முடிஞ்ச கடைசி நாளே ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிட்டு வந்துட்டாருல்லா. அவருகூடவே வச்சு எரிச்சாச்சு” என்றாள் அழகியநாயகி. பிறகு குரல் தாழ்ந்தது. “சாம்பல் எடுக்கப் போனப்ப எல்லா எலும்பும் கிட்டிச்சு. தாடை எலும்பு மட்டும் ஒரு துண்டுகூட கிட்டல்ல.”

வடிவு ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போன வாரம் அவளுக்கு ஒரு போன் வந்தது. அவள் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கிற பெண், ஜெஸ்மி.

“அக்கா, நீங்க நல்லாருக்காவன்னு போட்டுட்டுப் போன ஆளுக மாசாமாசம் கரெக்டா வாறாவ. ஒருத்தர்கூட விடல்ல. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஆனா என்ன வாடைக்கா! பினாயில் ஊத்தி ஊத்தி எனக்க கை வெந்துபோச்சு. போனப்புறம் பெஞ்செல்லாம் கொழகொழன்னு கெடக்கு.”

வடிவு போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“அதுல தேரூர் மாமா ஒருத்தரு இருக்காரு. எப்பவும் கோடியிலதான் உக்காருவாரு. பாவம், தாடையே இல்ல. இன்னிக்கு ஒங்கள விசாரிச்சாருக்கா.”

“என்னன்னு?”

“பக்கத்துல ஒரு ஆளுக்கு எடம் போட்டு வச்சிருக்காரு. மஞ்சப்பைய அதுமேல வச்சிருக்காரு. வடிவுக்க அப்பாவும் வாறேன்னு சொன்னாருல்லா... எப்ப வருவாருன்னு கேட்டாரு.”